சிறைவாயிலுக்கும் லயத்துக்கும் இடையில்: எல்கடுவத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

தண்டனையை அனுபவித்து முடித்த ஒருவர் சிறைவாயிலைக் கடந்ததும் அவரைப் பற்றிய அரசாங்க ஏடு மூடப்பட்டுவிடுகின்றது. விதிக்கப்பட்ட நாட்கள் எத்தனை, கழிக்கப்பட்ட நாட்கள் எத்தனை, வெளியேறிய தேதி யாது என்பன எழுதப்பட்ட மாத்திரத்தே நீதியின் கணக்குத் தீர்ந்ததாகக் கொள்ளப்படுகின்றது. உடலின் கணக்கோ அன்று தீர்வதில்லை. சிறையில் மெலிந்த உடல், விட்டுவந்த கடன், இழந்த வேலை, கலைந்த குடும்பம் ஆகியவற்றை ஒருங்கே சுமந்துகொண்டு அவர் நடக்கத் தொடங்கும் வழி அந்த வாயிலில்தான் ஆரம்பமாகின்றது. அவ்வழியே அவருக்கு மிகுந்த ஆபத்தானது என்பதை அண்மைக் கால மருத்துவ ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளன.

ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 ஆம் ஆண்டுக்கும் 2003 ஆம் ஆண்டுக்கும் இடையில் விடுவிக்கப்பட்ட 30,237 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2007 இல் வெளியாயிற்று. விடுதலைக்குப் பின்வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்கிருந்த இறப்பு அபாயம், வயது முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும், அம்மாநிலத்தின் ஏனைய மக்களுக்கிருந்ததைப் போல 12.7 மடங்காக இருந்தது. ஆய்வுக்காலம் முழுவதையும் சேர்த்து நோக்கியபோது அது 3.5 மடங்காயிற்று. போதைப்பொருளை அளவுமீறி உட்கொள்ளுதல், இதயநோய், கொலை, தற்கொலை ஆகியன முதன்மையான காரணங்களாக அமைந்தன. எட்டு நாடுகளில் விடுவிக்கப்பட்ட 14 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2024 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், விடுதலையை அடுத்துவரும் முதல் வாரமே எல்லாவற்றினும் கொடியது எனக் காட்டிற்று.

இம்முடிவுகள் மேலைநாட்டுச் சிறைகளுக்கும் அங்குள்ள போதைப்பழக்கத்துக்கும் மாத்திரமே உரியன என்று எண்ணத் தோன்றலாம். ஆயினும் அவற்றின் அடியில் உள்ள காரணங்களைப் பிரித்து நோக்கினால் மூன்று பொதுமைகள் தென்படும். சிறை எவ்வளவு கொடியதாயினும் அங்கு வேளைக்கு ஏதோவொரு உணவும் மருந்தும் கிடைக்கின்றன. வாயிலைத் தாண்டியதும் அவை அற்றுப்போகின்றன. வெளியுலக வாழ்வின் சுமையைத் தாங்கும் பழக்கத்தை உடல் சிறைக்குள் இழந்துவிடுகின்றது. வெளியேறியதும் அதே சுமை முழுமையாக அதன்மேல் ஏற்றப்படுகின்றது. தங்குமிடமும் தொழிலும் உறவும் முன்போலக் காத்திருப்பதில்லை. இம்மூன்றும் நம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில், கோப்பிக் காலந்தொட்டு 1920 களின் தொடக்கம் வரை, சட்டத்தின் துணையோடு ஒருங்கிணைந்து நின்றன என்பதே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்தாகும்.

எல்கடுவவும் அதன் சுற்றுப்புறமும்

எல்கடுவ, மாத்தளை நகருக்குத் தென்கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சாரலில் அமைந்துள்ளது. கண்டியிலிருந்து வத்தேகம வழியாகவும் அங்குச் செல்லலாம். ஹுன்னஸ்கிரி மலையும் ஹூனாஸ் நீர்வீழ்ச்சியும் இதனருகே உள்ளன. இன்று இப்பெயரைக் கேட்போர்க்கு அரசுக்குச் சொந்தமான எல்கடுவப் பெருந்தோட்டக் கம்பனியே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தேயிலைக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இச்சாரல்கள் கோப்பிக்காக வெட்டித் திறக்கப்பட்டன. கோப்பியை 1869 இல் தோன்றிய இலைநோய் அழித்த பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

அன்று இம்மலைகளில் உழைத்தவர்களிற் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே நூறு மைலுக்கும் அதிகமான தூரம் நடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைவது அவர்தம் வழக்கம். வடக்குப் பாதை என்று பெயர்பெற்ற இவ்வழியின் முடிவிடமாக மாத்தளை விளங்கிற்று. அங்குள்ள முத்துமாரியம்மன் கோவில் இவ்வழி வந்தோரின் நினைவோடு இன்றும் பிணைந்துள்ளது. பாதையோரத்திலும் தோட்டங்களிலும் இறந்தோர் தொகை குறித்து அக்காலத்திலேயே கடும் வாதம் நிகழ்ந்தது. 1841 முதல் 1848 வரையுள்ள ஆண்டுகளில் 70,000 பேர், அஃதாவது வந்தோரில் நான்கிலொரு பங்கினர், மாண்டிருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849 இல் எழுதிற்று. அதன் ஆசிரியரான கிறிஸ்தோபர் எலியட் ஒரு மருத்துவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இத்தொகை ஒருவர் ஒருவராக எண்ணிப் பெற்றதன்று, மதிப்பீடேயாகும். எண்ணாமற் போனமையே அந்த அவலத்தின் ஒரு கூறு என்பதையும் அது உணர்த்துகின்றது.

ஒப்பந்த மீறல் குற்றமான கதை

இத்தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் யாது? 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், அதனை விரித்தமைத்த 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வேலைகொள்வோருக்கும் வேலையாளுக்கும் இடையிலான உறவை ஒழுங்குபடுத்தின. வேலைக்கு வர மறுத்தல், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் போன்றவை இச்சட்டத்தின் கண்ணில் வெறும் ஒப்பந்த மீறல்களாக நிற்கவில்லை, தண்டனைக்குரிய குற்றங்களாயின. கூலியை இழப்பதோடு மூன்று மாதம் வரை சிறைவாசமும் விதிக்கப்படலாம்; அது கடூழியச் சிறையாகவும் அமையலாம். கூலி கொடாத வேலைகொள்வோர்க்கும் தண்டனை கூறப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் தோட்டத்துரை நீதவானோடு ஒரே மேசையில் அமர்ந்த சமூகத்தில், எழுத்தறியாக் கூலியாள் அப்பிரிவைத் துணைக்கழைத்தல் எத்துணை எளிதாக இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் இத்தகைய சட்டம் இருந்தது. ஆயினும் அங்கே தொழிலாளர் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக, ஒப்பந்த மீறலைக் குற்றமாகக் கொள்ளும் முறை 1875 இல் கைவிடப்பட்டது. குடியேற்ற நாடாகிய இலங்கையில் அது மேலும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. தாய்நாட்டில் அநீதியென ஒதுக்கப்பட்டது கடல் கடந்த நாட்டில் ஒழுங்கெனப் போற்றப்பட்டமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் ஏன் ஓடினர் என்ற வினாவுக்கு விடை அவர்தம் பசியிலும் நோயிலும் கடனிலும் கிடக்கின்றது. கூலி பல மாதங்கள் பாக்கியாகக் கிடந்த தோட்டங்கள் இருந்தன. நோயுற்றவர் வேலைக்கு ஏலாதவராகித் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு வழியில் மடிந்த செய்திகள் கோப்பிக் கால ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஓடுதல் பலருக்கு உயிர்தப்பும் வழியாக இருந்தது. அவ்வழியையே சட்டம் குற்றமாக்கிற்று. ஆகவே சிறைபுகுந்த தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரேனும் ஏற்கெனவே உடல் நலிந்தவர்களாகவே அங்குச் சென்றிருப்பர் என்று கொள்வது பிழையாகாது.

மாத்தளையிலும் கண்டியிலும் நீதிமன்றங்கள் இருந்தன. கண்டியில் 1876 இல் எழுந்த போகம்பரைச் சிறைச்சாலை மலைநாட்டவர் அனைவரும் அறிந்த பெயராயிற்று. தோட்டங்களிலே “மறியலுக்குப் போதல்” என்பது அன்றாடப் பேச்சில் வழங்கும் தொடராயிற்று. கொலையும் களவும் செய்தோர் போகும் இடமென்று கருதப்பட்ட சிறை, வேலைக்குப் போகாதவரும் போகும் இடமாக மாறியமை அத்தொடரின் பின்னே ஒளிந்துள்ள வரலாறாகும்.

கடனும் துண்டும்

சிறைவாசம் முடிந்து வெளிவந்த தொழிலாளியின் நிலையை விளங்கிக்கொள்வதற்குத் தோட்டத்தின் கணக்கு முறையை அறிதல் இன்றியமையாதது. ஊரில் ஆள் திரட்டிய கங்காணி வழிச்செலவுக்கும் பழைய கடன் தீர்க்கவும் முற்பணம் கொடுத்தார். அம்முற்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறிற்று. அரிசி தோட்டத்தால் வழங்கப்பட்டு, அதன் விலை கூலியில் கழிக்கப்பட்டது. காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து வேலையை நிறைவாகச் செய்தவருக்கே அன்றைய “பேர்” விழும். குறைவேலைக்கு அரைப்பேர், வராதவருக்கு ஒன்றுமில்லை.

இக்கணக்கில் மூன்று மாதச் சிறைவாசம் என்பது என்ன? மூன்று மாதம் பேர் விழாத காலம். லயத்திலே மனைவியும் மக்களும் உண்ட அரிசி கணக்கில் ஏறிய காலம். சிறைவாசம் குற்றத்துக்குரிய தண்டனையே தவிரக் கடனுக்குரிய தீர்வையாக இருக்கவில்லை. கங்காணிக்குத் தரவேண்டிய கடன் அப்படியே நின்றது. பல வேளைகளில் முன்னிலும் பெருகியே நின்றது. அரசுக்குச் செலுத்த வேண்டியதைத் தம் உடலாற் செலுத்திவிட்டு வந்தவர், தோட்டத்துக்குச் செலுத்த வேண்டியதையும் அதே உடலாற் செலுத்தத் தொடங்க வேண்டியிருந்தது.

வேறு தோட்டத்துக்குப் போய்ப் புதுவாழ்வு தொடங்கலாமே எனின், அதற்கும் ஒரு தடை இருந்தது. அதுவே “துண்டு”. ஒரு தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் அவரை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக்கொடுத்த சிறு தாள் அது. அந்தத் தாளைக் காட்டி, கடனை ஏற்றுக்கொள்ளும் மற்றோர் தோட்டத்திடமிருந்து பணம் பெற்றுத்தான் இடம்மாறவியலும். துண்டில்லாத ஆளைப் பிறதோட்டம் ஏற்பது அரிது. எனவே சிறைக்காவலர் தந்த விடுதலை ஒன்று. துண்டு தரக்கூடிய விடுதலை வேறொன்று. முன்னையது நாள் எண்ணிக்கையால் கிடைத்தது. பின்னையதற்குப் பணம் வேண்டியிருந்தது.

இனி, கங்காணியின் வருவாயில் “தலைக்காசு” என ஒன்று உண்டு. அவருடைய ஆட்கட்டில் அன்றன்று வேலைக்கு வந்த தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு சிறுதொகை கிடைக்கும். விடுதலையாகி வந்தவர் சில நாள் லயத்திலே ஓய்ந்திருப்பதால் கங்காணிக்கு நட்டம்; துரைக்கு நட்டம்; கடனில் நிற்கும் குடும்பத்துக்கும் நட்டம். அவருடைய உடலைத் தவிர மற்றெல்லோருடைய நலனும் அவர் மறுநாட் காலையிலேயே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும் என்றே கோரிற்று. எவரேனும் கொடியவராக இருந்தமையால் மாத்திரம் இது நேர்ந்ததன்று. கணக்கு முறையே அவ்வாறு அமைந்திருந்தது.

மெலிந்த உடலின் சான்று

அந்த உடல் எத்தகையது? 1887 இல் இலங்கையின் முதன்மைக் குடிசார் மருத்துவ அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். கின்சி, இரத்தச்சோகை பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அக்காலத்தில் பெரிபெரி என்றும் அழைக்கப்பட்ட இந்நோய்க்கும் குடலில் வாழும் கொழுக்கிப் புழுவுக்கும் உள்ள தொடர்பு அதில் ஆராயப்பட்டது. இப்புழுவின் இளம்பருவம் ஈரமண்ணில் வெறுங்கால்களின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றது என்பதை ஆர்தர் லூஸ் என்பார் எகிப்தில் 1898 ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். நிழலும் ஈரமும் மிகுந்த தேயிலை மலைகளும், மலசல கூடமில்லா லயங்களும், செருப்பறியாக் கால்களும் அப்புழுவுக்கு உகந்த சூழலை அளித்தன.

ரொக்கபெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் தமது கொழுக்கிப் புழு ஒழிப்பு முயற்சியை 1916 இல் தொடங்கியது மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலேயாகும். பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரிற் பெரும்பான்மையோரிடம் இப்புழு காணப்பட்டது. ஆகவே எல்கடுவச் சாரல்களில் உழைத்தவர்களின் உடல்நிலையைப் பற்றி நாம் கூறுவது வெறுங் கற்பனையன்று. குடலில் ஆண்டுக்கணக்கில் வாழவல்ல இப்புழு மூன்று மாதச் சிறைவாசத்தோடு நீங்கிவிடாது. குருதி வற்றிய உடலோடு கடூழியம் செய்து, அதே உடலோடு மலையேறித் திரும்பி, மறுநாளே மண்வெட்டி பிடிக்கும் ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ சாவைக் கொணரப் போதுமானது. இன்றைய ஆய்வுகள் போதைப்பொருளைப் பற்றிக் கூறுவதன் அமைப்பே இங்கும் உள்ளது. பழைய அளவைத் தாங்கும் வலிமையை உடல் இழந்திருக்கின்றது. பழைய அளவோ குறையாமல் திரும்புகின்றது. அங்கே அந்த அளவு அபின் சார்ந்த மருந்து. இங்கே அது வேலை.

சிறையில் வேளைக்குச் சோறு கிடைத்தமையால் சிலர் அங்கு உடல் தேறியிருக்கலாமே என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அவ்வாறு தேறியவர் இருந்திருப்பின் அது தோட்டத்தின் நிலையைத்தான் பழித்துரைக்கும். மேலும், கிடைத்த சோறு ஒரே நாளில் நின்றுபோகும் இடம் சிறைவாயில் ஆதலின், அக்கூற்று நம் கருத்தை மறுப்பதற்கு மாறாக வலியுறுத்தவே செய்கின்றது.

மூன்று ஏடுகளும் ஒரு வெளியும்

தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. வைத்தியசாலைகளுக்கும் வைத்தியர்களுக்கும் வழிசெய்யப்பட்டது. இதற்கான செலவைத் தாங்குவதில் தோட்ட உரிமையாளர் காட்டிய தயக்கத்தால் சட்டம் 1880 களில் மீண்டும் மீண்டும் திருத்தப்பட்டது. 1912 இல் புதிய சட்டங்கள் வந்தன. நோயாளரைத் தோட்டங்கள் இறக்குந் தறுவாயிலேயே வைத்தியசாலைக்கு அனுப்புகின்றன என்பது அக்கால மருத்துவ அதிகாரிகளின் நீங்காத முறையீடாக இருந்தது.

இச்சட்டங்களின் கருணை தோட்டத்தின் ஆள் என்ற தகுதியைப் பற்றி நின்றது என்பதை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தோட்டத்தின் செக்ரோலில் பெயருள்ளவர் நோயுற்றால் தோட்டம் பொறுப்பு. சிறையின் ஏட்டில் பெயருள்ளவர் நோயுற்றால் சிறை பொறுப்பு. வைத்தியசாலையின் ஏட்டில் ஏறியவருக்கு வைத்தியசாலை பொறுப்பு. சிறையின் ஏட்டிலிருந்து நீங்கி, தோட்டத்தின் ஏட்டில் இன்னும் சேராது, வைத்தியசாலை வாயிலையும் எட்டாது, மாத்தளைக்கும் மலைக்கும் இடையில் வழியிலே நிற்பவருக்கு எவர் பொறுப்பு? மூன்று ஏடுகளுக்கும் நடுவேயுள்ள வெளியில் அவர் நின்றார். அங்கு அவர் விழுந்தால் அது சிறை மரணமாகாது; தோட்ட மரணமுமாகாது. தோட்டத்துக்குச் சென்று சில வாரங்களில் இறந்தாலோ, காய்ச்சல் என்றோ வயிற்றோட்டம் என்றோ பலவீனம் என்றோ ஒரு காரணம் எழுதப்படும். அவர் அண்மையிற் சிறையிலிருந்து வந்தவர் என்பது அக்காரணத்தில் இடம்பெறாது.

புள்ளிவிவரம் என்பது எண்ணுவோரின் பொறுப்பு எல்லையைப் பின்பற்றிச் செல்வது. பொறுப்பில்லாத இடத்தில் எண்ணிக்கையும் இல்லை. ஆதலின், விடுதலையானோரின் இறப்பு நம் வரலாற்றில் ஒரு தொகையாக நிற்கவில்லை. ஓர் இடைவெளியாகவே நிற்கின்றது.

விடுதலையைப் பற்றிய இரு போராட்டங்கள்

இவ்விடைவெளியை முதன்முதலாகக் கண்டுணர்ந்தவர்கள் சிறைச் சீர்திருத்தக்காரர்களே. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜோன் ஹவாட் என்பவர் பெட்போட் மாவட்ட அதிகாரியாக 1773 இல் பதவியேற்றபோது, நீதிமன்றத்தால் நிரபராதி எனத் தீர்க்கப்பட்டவர்களும் சிறைக்காவலருக்குக் கட்டவேண்டிய கட்டணத்தைக் கட்ட இயலாமையால் சிறையிலேயே கிடப்பதைக் கண்டார். அவருடைய முயற்சியால் 1774 இல் இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று அக்கட்டணத்தை நீக்கிற்று. மற்றது கைதிகளின் உடல்நலத்தைப் பேண வழிவகுத்தது. விடுதலையும் உடல்நலமும் ஒரே ஆண்டில், ஒரே மனிதரின் முயற்சியால், இரு சட்டங்களாயின என்பது சிந்தனைக்குரியது. கடன் உள்ளவரை விடுதலை இல்லை என்பதை ஹவாட் உணர்ந்திருந்தார்.

நம் நாட்டிலே அதற்கிணையான போராட்டத்தில் முன்னின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். தோட்டத் தொழிலாளர், அவர்களுள் பெண்களும் கூட, தொழிற்குற்றங்களுக்காகச் சிறையிடப்படுவதை அவர் வன்மையாகக் கண்டித்துப் பிரித்தானிய அமைச்சின் கவனத்துக்குக் கொணர்ந்தார். 1919 இல் அவர் அமைத்த இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் இக்கிளர்ச்சியைத் தொடர்ந்து நடத்திற்று. சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கை, மலாயா நாடுகளின் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1917 இல் அளித்த அறிக்கையும் அழுத்தத்தை மிகுவித்தது. ஈற்றில் 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தொழிற்குற்றங்களுக்கான சிறைத்தண்டனையும் முடிவுக்கு வந்தது.

துண்டும் சிறையும் ஒருங்கே நீக்கப்பட்டமை தற்செயலான நிகழ்ச்சியன்று. இரண்டும் ஒரே பூட்டின் இரு பக்கங்கள். சிறையை மட்டும் நீக்கியிருப்பின் கடன் தொழிலாளியைக் கட்டியிருக்கும். துண்டை மட்டும் நீக்கியிருப்பின் சிறை அவரைக் கட்டியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை விளங்கிக்கொண்டு இரண்டையும் சேர்த்தெதிர்த்த தலைமுறைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

இன்றைய நிலை

தொழிற்குற்றம் என்னும் சொல் சட்டத்திலிருந்து மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. போகம்பரைச் சிறைச்சாலையும் 2014 இல் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனர். எனினும் 1877 ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களுடன், இன்னும் நம் சிறைகளின் அடிப்படைச் சட்டமாக உள்ளது. சிறைகளில் இருப்போர் தொகை அவற்றின் கொள்ளளவைப் போல் இருமடங்கை அண்மை ஆண்டுகளில் தாண்டியுள்ளது. தண்டனை பெற்று உள்ளே செல்வோரிற் கணிசமானோர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட இயலாமையால் அதற்கீடாகச் சிறை செல்பவர்கள். சிறைத்தண்டனைக்கு மாற்றாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தத்துக்கு வழிசெய்யும் 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் இந்நிலை நீங்கவில்லை. பணமிருந்தால் வீடு, இல்லையேல் சிறை என்ற தெரிவு கடனின் வேறோர் உருவமே. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர் ஒரு மாதம் உள்ளே இருந்தால், பேர் விழாத அந்த மாதம் இன்றும் கடனாகத்தான் ஏறுகின்றது.

போதைப்பொருட் குற்றங்களுக்காகச் சிறை செல்வோர் தொகையும் இந்நாட்டில் பெரிதும் மிகுந்துள்ளது. முதற்கண் எடுத்துக்காட்டிய ஆய்வுகளின் எச்சரிக்கை இவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சிறையில் சில மாதம் ஹெரோயின் இன்றி இருந்த உடல் அதனைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடும். வெளியேறிய பின் பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொள்வாராயின் மூச்சு நின்றுபோகக் கூடும். இதனை விடுதலைக்கு முன்னரே ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்லுதல் பெருஞ்செலவில்லாத செயல். சயரோகச் சிகிச்சையும் அவ்வாறே. குறைந்தது ஆறுமாதம் இடைவிடாது மருந்து உட்கொள்ள வேண்டிய நோயாளி மூன்றாம் மாதத்தில் விடுதலையானால், எஞ்சிய மருந்தை எந்த வைத்தியசாலையிற் பெறுவது என்ற சீட்டு அவர் கையில் இருத்தல் வேண்டும். இல்லையேல் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறி, அவரையும் லயத்தில் ஒரே அறையில் உறங்கும் குடும்பத்தினரையும் பற்றும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 இல் ஏற்று, நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கிவரும் சிறை விதிகள் இதனையே கூறுகின்றன. சிறை மருத்துவம் பொதுச் சுகாதார சேவையோடு இணைந்து, விடுதலைக்குப் பின்னரும் சிகிச்சை தொடரும் வகையில் அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விடுதலையாவோருக்கு அடையாள ஆவணம், தங்குமிடம், தொழில், தக்க உடை, ஊர்போய்ச் சேர்வதற்கான வழிச்செலவு ஆகியன கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. வழிச்செலவு என்ற அச்சொல்லைக் காணும்போது, மாத்தளையிலிருந்து மலைநோக்கி வெறுங்கையோடு நடந்தவர்களின் உருவம் நம் மனத்தில் எழாமல் இராது. அடையாள ஆவணம் என்ற சொல்லைக் காணும்போது, 1948 இல் குடியுரிமை இழந்து 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு அத்தாள் எத்துணை அரிதாக இருந்தது என்பதும் நினைவுக்கு வரும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது, சிறை விடுதலை ஒரு கணத்தில் நிகழ்ந்து முடிவதன்று. அது சில வாரங்களாக நீளும் ஒரு வழி என்பதாகும். அவ்வழியின் ஆபத்தை ஆக்குவது விடுதலையானவரின் குணமோ விதியோ மாத்திரமன்று. அவரை எதிர்கொள்ளும் கடனும் தொழிலும் மருத்துவமும் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. அமைக்கப்பட்டவற்றை மாற்றியமைக்கவும் கூடும். 1921 இல் நேர்ந்தது அதற்குச் சான்று.

பல்கலைக்கழகத்தில் வரலாறும் சமூகவியலும் மருத்துவமும் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு பணி காத்திருக்கின்றது. நீதிமன்ற ஏட்டையும் சிறை ஏட்டையும் வைத்தியசாலை ஏட்டையும் தோட்டத்துச் செக்ரோலையும் இதுவரை தனித்தனியே படித்து வந்துள்ளோம். அவற்றை ஒரே மேசைமீது பரப்பி, ஒரு பெயரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து செல்லும் ஆய்வு மேற்கொள்ளப்படுதல் வேண்டும். ஈரமும் கறையானும் தோட்டத்து ஏடுகளைத் தின்று முடிப்பதற்கு முன் அது நிகழ்தல் நன்று. எல்கடுவ போன்ற ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டாலே போதும். அங்கே ஒரு பெயர் சிறை ஏட்டில் வெளியேறித் தோட்ட ஏட்டில் மீளாமற் போயிருப்பின், அந்த வெற்றிடத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பதை நாம் எழுதிவைத்தல் வேண்டும். எண்ணப்படாமற் போனவர்களுக்கு வரலாற்று மாணவர் செய்யக்கூடிய கடன் அதுவே. இன்று சிறைவாயிலில் நிற்பவர்களையேனும் எண்ணத் தொடங்குதல், அக்கடனின் மறுபாதியாகும்.